பங்குப் பண்ணையில் இலையுதிர் காலம்: கேள்வி பதில்

பருவத் தொடக்கத்திலேயே பணம் செலுத்திய உறுப்பினர்களுக்கு வாரந்தோறும் விளைச்சலில் பங்கு தரும் சிறு காய்கறிப் பண்ணைகளைக் குறித்து, குளிர்ப் பகுதி உறுப்பினர்கள் கேட்டவை.

கேள்வி: கீரையைத் துணியால் மூடிக் காத்தும், அது ஏன் வளராமல் நிற்கிறது?

பதில்: துணி குளிரைத்தான் தடுக்கும், குறைந்துபோன ஒளியை அதனால் ஈடுசெய்ய முடியாது. பகற்பொழுது 10 மணி நேரத்துக்குக் கீழே இறங்கியதும் பெரும்பாலான பயிர்களின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே, அந்த நாளுக்குள் முக்கால் பங்காவது வளர்ந்திருக்கும்படி கோடையின் பிற்பகுதியிலேயே விதைத்துவிட வேண்டும். வெயில் கொளுத்தும்போது இலையுதிர் காலத்துக்கு விதைக்க யாருக்கும் மனம் வருவதில்லை. பலர் சறுக்குவதும் அங்கேதான்.

கேள்வி: முதல் உறைபனிக்கு முன் எதை அறுவடை செய்வது, எதை விட்டுவைப்பது?

பதில்: மேகமற்ற, காற்றில்லாத இரவு வரப்போகிறது என்றால் தக்காளி, மிளகாய், கத்தரி, பரங்கி ஆகியவற்றை அன்று மாலைக்குள் பறித்துவிடுங்கள். முற்றிய பச்சைத் தக்காளி வீட்டுக்குள் 20 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பத்தில் தானாகப் பழுக்கும்; பிஞ்சு பழுக்காது. சர்க்கரைவள்ளியின் கொடி உறைபனியில் கருகிவிட்டால் கிழங்கைத் தாமதமின்றித் தோண்டுங்கள். கேரட்டையும் கேல் கீரையையும் அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். குளிர் கூடும்போது இச்செடிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கின்றன. சர்க்கரை கரைந்த செல்நீர் எளிதில் உறையாது. செடி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் அந்த ஏற்பாடே நம் நாவில் இனிப்பாகத் தெரிகிறது.

கேள்வி: களத்தில் பரங்கிக்காய் குவிந்திருக்கிறது, ஆனால் எங்கள் கூடைக்கு வருவதில்லையே?

பதில்: அதைப் பதப்படுத்திக்கொண்டிருப்பார்கள். 27 டிகிரி வெப்பமும் நல்ல காற்றோட்டமும் உள்ள இடத்தில் சுமார் பத்து நாள் வைத்தால் தோல் இறுகும், சிறு கீறல்கள் ஆறும். கைக்கு வந்தபின் காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள்; காம்பு முறிந்த இடத்தில்தான் அழுகல் தொடங்கும். குளிர்பதனப் பெட்டியும் வேண்டாம், 10 முதல் 13 டிகிரி போதும்.

கேள்வி: கேரட் இரண்டே நாளில் துவண்டுவிடுகிறது.

பதில்: தழையை உடனே நறுக்கிவிடுங்கள்; அது கிழங்கின் ஈரத்தை உறிஞ்சுகிறது. ஆப்பிளுக்கு அருகிலும் வைக்காதீர்கள். அதிலிருந்து வெளிவரும் எத்திலீன் என்ற வாயு கேரட்டைக் கசக்கச் செய்யும்.

கேள்வி: உறைபனியில் தக்காளி முழுவதும் போயிற்று. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: உங்கள் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, கேட்பது முறையன்று. விளைச்சலைப் போலவே இழப்பையும் பகிர்ந்துகொள்வதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை. 1986இல் அமெரிக்காவின் முதல் இரு பங்குப் பண்ணைகள் தொடங்கப்பட்டபோதும் கருத்து இதுவே. ஆனால், பண்ணையாளர் இதைச் சேரும்போதே எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும் என்பதிலும், இழப்பை அந்த வாரமே சொல்லிவிட வேண்டும் என்பதிலும் நான் உறுதியாக இருக்கிறேன்.

கேள்வி: காலியான பாத்திகளை அப்படியே விடலாமா?

பதில்: வேண்டாம், மழை சத்தை அரித்துச் சென்றுவிடும். ரை தானியத்தை மூடுபயிராக விதையுங்கள். தாமதமாக விதைத்தாலும் அது முளைக்கும். ஒரு பாத்தியை மட்டும் பூண்டுக்கு ஒதுக்குங்கள். பற்களை 5 சென்டிமீட்டர் ஆழத்தில், கூர்முனை மேலிருக்கும்படி ஊன்றி வைக்கோல் மூடாக்கு இடுங்கள். குளிரைக் கண்ட பூண்டுதான் அடுத்த கோடையில் பல் பிரிந்து திரளும்.