சி.டி. ஸ்கேனில் நெஞ்சு, அக்குள் நிணநீர்க் கணுக்கள் பெரிதாகியிருப்பதை எப்படிக் கண்டறிகிறார்கள்?

நிணநீர்க் கணு என்பது கிருமிகளையும் வேண்டாத செல்களையும் வடிகட்டும் நீள்வட்டமான சிறு உறுப்பு. ஸ்கேனில் இதன் நீளத்தைவிடக் குறுக்களவையே நம்புகிறார்கள். வெள்ளரிக்காயைச் சாய்த்து நறுக்கினால் வில்லை நீளுமே தவிர அகலம் மாறாது என்பதைப் போல, கணு எந்தக் கோணத்தில் படமானாலும் குறுக்களவு அதிகம் மாறுவதில்லை. நெஞ்சின் நடுப்பகுதியில் அது 10 மி.மீ.யைத் தாண்டினால் பொதுவாகப் பெரிது என்பார்கள். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்துக்குக் கீழே மட்டும் சற்றுக் கூடுதலும் இயல்பே. இரத்தக்குழாயைக் கணுவென்று தவறாக எண்ணாதிருக்க சிரையில் சாய மருந்து ஏற்றுவதுண்டு. அக்குளிலோ, வெறும் அளவைவிட, கணுவின் நடுவே கருமையாகத் தெரியும் கொழுப்பு மையம் மறையாமல் இருக்கிறதா என்பதே நல்ல தடயம்.

கணு பெரிதானாலே புற்றுநோய் என்று பலர் அஞ்சுகிறார்கள். காசநோயாலும், அதே பக்கக் கையில் அண்மையில் போட்ட தடுப்பூசியாலும்கூட அது வீங்கும்.