போலந்தில் ஒரே பெயரில் பல ஊர்கள்: டிக்கெட் எடுக்கும் முன் எதைப் பார்ப்பது?

கேள்வி: போலந்தில் கிடங்கு வேலைக்கு ஒப்பந்தம் வந்திருக்கிறது. வேலையிடம் 'டொமாஷூஃப்' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். வரைபடத்தில் தேடினால் பல இடங்களைக் காட்டுகிறது. எந்த ஊருக்கு டிக்கெட் எடுப்பது?

பதில்: இப்போதைக்கு எடுக்காதீர்கள். அந்தப் பெயரில் இரண்டு நகரங்கள் இருக்கின்றன. டொமாஷூஃப் மசோவியெட்ஸ்கி நாட்டின் நடுப்பகுதியில், வூச் நகரத்துப் பக்கம். டொமாஷூஃப் லூபெல்ஸ்கி தென்கிழக்கில், உக்ரைன் எல்லைக்கு அருகே. இடையே 250 கி.மீ.க்கு மேல். போதாததற்கு, இதே பெயரில் சிறு கிராமங்களும் உண்டு.

முதலில் அஞ்சல் குறியீட்டைக் கேளுங்கள். 97-200 என்றால் மசோவியெட்ஸ்கி, 22-600 என்றால் லூபெல்ஸ்கி. நகரத்துக்கு இது பெரும்பாலும் போதும். கிராமத்துக்குப் போதாது, ஒரே குறியீட்டில் பல கிராமங்கள் அடங்கும். தெருப்பெயர் இல்லாத கிராமத்தில் ஊர்ப்பெயரும் வீட்டு எண்ணும் ஒரு வரியில் வரும், குறியீட்டோடு அடுத்த வரியில் வருவது அஞ்சலகம் இருக்கும் ஊர். அதையே வேலையிடம் என்று நினைத்து இறங்குகிறவர்கள் உண்டு.

பெயரின் பின்னொட்டை வைத்து மாகாணத்தை ஊகிக்காதீர்கள். டொமாஷூஃப் மசோவியெட்ஸ்கி இருப்பது மசோவியா மாகாணத்தில் அல்ல, வூச் மாகாணத்தில். சோக்கோவூஃப் பொட்லாஸ்கியோ மசோவியாவில் இருக்கிறது. இந்த ஒட்டுகள் பழைய வரலாற்றுப் பகுதிகளைக் குறிப்பவை. 1999-இல் 49 மாகாணங்கள் 16 ஆகச் சுருங்கின. அதற்கு முந்தைய ஆவணமானால் மாகாணப் பெயரே வேறாக இருக்கலாம்.

மாவட்டத்தை, அதாவது போவியாத்தை, மட்டும் கேட்டாலும் சிக்கல்தான். இரண்டு டொமாஷூஃப்களின் மாவட்டத்துக்கும் ஒரே பெயர்: டொமாஷோஃப்ஸ்கி. ஓப்போலே, க்ரொஜிஸ்க் மாவட்டங்களிலும் இதே கதை. ஆகவே மாகாணம், மாவட்டம், அதற்குக் கீழே உள்ள உள்ளாட்சியான கிமினா, மூன்றையும் ஒன்றாக எழுதி வாங்குங்கள். 'நோவா வியெஷ்' போன்ற பெயரானால் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். அந்தப் பெயரில் நாடெங்கும் ஏராளமான கிராமங்கள்.

ஒப்பந்த வாசகத்தில் ஊர்ப்பெயர் வேற்றுமை ஏற்று உருமாறியும் வரும். 'நோவா வியெஷில்' என்பது 'நோவெய் ஃப்ஷி' ஆகிவிடும். அதை அப்படியே தேடுபெட்டியில் போட்டால் ஊர் அகப்படாமல் போகலாம். மூலப் பெயரை போலந்து எழுத்துக் குறிகளோடு கேட்டு வாங்குவது நல்லது.

இன்னும் ஐயம் இருந்தால் மத்தியப் புள்ளிவிவர அலுவலகத்தின் டெரிட் பதிவேட்டை இணையத்தில் பாருங்கள். ஒவ்வோர் ஊருக்கும் தனியாக ஏழு இலக்க எண் இருக்கும். இரண்டு ஊருக்கு ஒரே எண் கிடையாது.

கிமினா பெயரில் நகரமா கிராமமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். டொமாஷூஃப் மசோவியெட்ஸ்கி என்ற பெயரில் நகர கிமினா ஒன்று, அதைச் சுற்றிக் கிராம கிமினா ஒன்று; அலுவலகங்கள் வேறு வேறு. தங்குமிடப் பதிவுக்கு உங்கள் வீடு எதில் அடங்குகிறதோ அங்கேதான் போக வேண்டும்.