குதிரையிலிருந்து விழுந்தபின் மறுபடி ஏறவே பயமாக இருக்கிறது. "உடனே ஏறினால்தான் பயம் போகும்" என்கிறார் பயிற்சியாளர். ஏறலாமா?

ஏறாதீர்கள். இந்த "உடனே ஏறு" அறிவுரையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தலையில் அடிபட்டிருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் ஏற்றிவிடுவதில் என்ன வீரம் வேண்டிக்கிடக்கிறது? தலை தரையில் பட்டிருந்தால் அந்த ஹெல்மெட்டையும் தூக்கிப் போடுங்கள். உள்ளே இருக்கும் நுரை ஒரு அடியைத்தான் வாங்கும்; வெளியே கீறல்கூடத் தெரியாது.

நீங்களும் என்னைப் போல நாற்பதை நெருங்கும்போது ஆசைப்பட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொள்ளப் போனவர் என்று வைத்துக்கொள்கிறேன். சென்னையில் நான் போன இடத்தில் பாதிக் குதிரைகள் கிண்டி ரேஸில் ஓடி ஓய்ந்தவை. எனக்குக் கொடுத்ததும் அப்படி ஒன்றுதான். மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ சரவெடி கொளுத்த, அது பாய, நான் காறை எலும்பு உடைந்து மண்ணில் கிடந்தேன்.

எலும்பு கூடியபின் திரும்பப் போனேன். நடக்கிறவரை பிரச்சினை இல்லை. ட்ராட், அதாவது துள்ளலோட்டம், என்றதும் மூச்சு நின்றுவிடும், கால் இரண்டும் விலாவை இறுக்கிப் பிடிக்கும். குதிரைக்கு அது "வேகமாகப் போ" என்று சொல்வதுதானே! பயிற்சியாளர் நடுவில் நின்று கத்துவார்: "பயப்படாதீங்க, குதிரைக்குத் தெரிஞ்சிடும்!" தெரியும்தான். 2009-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், குதிரையை ஓட்டுகிறவர்களிடமும் பிடித்து நடத்துகிறவர்களிடமும் "இந்தச் சுற்றில் குடையை விரிப்போம்" என்று சொல்லிவிட்டு விரிக்கவே இல்லை. ஆனாலும் ஆளுக்கும் குதிரைக்கும் சேர்ந்தே இதயத் துடிப்பு ஏறியது. சரி, அதற்காகப் பயப்படாதே என்று அதட்டினால் பயம் போய்விடுமா?

லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் சைஸ் அண்ணன்தான் வழி காட்டினார். "ஏறவே வேணாம் மேடம். கொஞ்ச நாள் தேய்ச்சு வுடுங்க, புடிச்சு நடத்துங்க. அதுவும் அன்னிக்கு பயந்துதான் ஓடிச்சு." பிரஷ் போடும்போது அதன் காது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கவனித்தேன். சேணத்து வாரை இழுத்தாலே பல்லைக் காட்டியது. முதுகில் புண், சேணம் பொருந்தவில்லை. அதைச் சரிசெய்தபின்தான் ஏறினேன். அவர் நீளக் கயிற்றில் பிடித்து வட்டமாக நடத்த, நான் கடிவாளத்தைத் தொடாமல் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சை நீளமாக விட்டேன். "போதும்" என்றால் அங்கேயே நிற்க வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. இதுதான் எங்கள் ஒப்பந்தம். நிறுத்த முடியும் என்று தெரிந்தபின் நிறுத்தச் சொல்லவே தோன்றவில்லை.

"இவள் என்ன மனநல டாக்டரா?" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: இல்லை. விழுந்த காட்சி திரும்பத் திரும்ப வந்து தூக்கம் கெட்டால் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும், குதிரையை அல்ல. "பணக்காரப் பொழுதுபோக்கு" என்பவர்களுக்கும் ஒன்று: நான் கட்டிய மாதக் கட்டணம் பலர் ஜிம்முக்குக் கட்டுவதைவிட ரொம்ப அதிகமில்லை.

செலவு வைத்தது இன்சூரன்ஸ்காரர்கள்தான். பாலிசியில் விலக்கு என்று போட்டிருப்பது தொழில்முறையாக ஆபத்தான விளையாட்டில் இறங்குகிறவர்களுக்கு. அந்தப் பட்டியலில் குதிரைப் பந்தயம் இருக்கிறது. அதைக் காட்டி என் ஆபரேஷன் பணத்தை மறுத்துவிட்டார்கள். எழுபத்தெட்டு கிலோ எடை, பேங்க் வேலை. என்னை எந்த ஊரில் ஜாக்கியாகச் சேர்ப்பார்கள் என்று எழுதிக் கேட்டேன், இன்னும் பதில் இல்லை.