பயறு விதைக்குள் ஒளிந்து வரும் தேமல்: கேள்வி பதில்

புரட்டாசி பிறந்துவிட்டது. நம் பக்கம் மழையை நம்பி பயறு விதைக்கிற எல்லோரும் பானையையும் சாக்கையும் அவிழ்த்துப் பார்க்கிற நேரம். விதை வழியாகப் பரவும் நச்சுயிரி (வைரஸ்) நோய்கள் பற்றி, அதிலும் இலை திட்டுத் திட்டாக நிறம் மாறும் தேமல் பற்றி, நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தேவிபட்டினத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணே, போன வருஷம் தட்டாம்பயறில் பாதிக் கொல்லைக்குத் தேமல். ஆனாலும் எடுத்த விதை திரட்சியா, பளபளப்பா இருக்கு. அதையே விதைக்கலாமா?

விதைக்காதீர்கள் தம்பி. விதையின் அழகை வைத்து இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியாது. நச்சுயிரி உட்கார்ந்திருப்பது தோலில் இல்லை, உள்ளே முளைக்கருவில். வெளியே ஒரு புள்ளிகூட இருக்காது. தாய்ச்செடிக்குப் பூ வைக்கும் முன்பே நோய் வந்திருந்தால் விதைக்குள் ஏறிவிடும். பூத்துக் காய் பிடித்த பிறகு வந்தால் பெரும்பாலும் ஏறாது. நோய்ச்செடியின் எல்லா விதையிலும் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஒரே நெற்றில் இரண்டு விதை நோயோடும் மற்றது சுத்தமாகவும் இருக்கும். அதனால்தான் இது ஆளை ஏமாற்றுகிறது. பீன்ஸ் தேமல் விதையோடு வருகிறது என்பதை அமெரிக்காவில் 1919-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். நாம் இன்னும் முளைப்புத்திறனை மட்டும் பார்த்துவிட்டு விதையைக் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

உச்சிப்புளி அக்கா: டிரைக்கோடெர்மா கலந்து, நல்ல வெயிலில் காயவைத்தால் போகாதா?

போகாது அக்கா. டிரைக்கோடெர்மா வேரழுகலுக்கு நல்லது, அதை விடவேண்டாம். ஆனால் அது பூஞ்சாணத்தோடு மோதுகிற சாமான், முளைக்கருவுக்குள் இருக்கும் நச்சுயிரியை அதனால் தொட முடியாது. வெயிலில் காயவைப்பதும் செம்மண் கட்டி வைப்பதும் வண்டுக்குத்தான். நோயுள்ள விதையைப் பல வருஷம் பத்திரமாக வைத்திருந்தாலும் உள்ளே நச்சுயிரியும் பத்திரமாகவே இருக்கும்.

வாலிநோக்கம்: எங்கள் கொல்லை கடலுக்குப் பக்கம். பயறு முளைத்த இருபதாம் நாளே மொத்தமும் மஞ்சளாகிவிட்டது. இதுவும் விதைக் கோளாறா?

மொத்தமும் ஒரே சீராக மஞ்சளானால் எனக்கு முதல் சந்தேகம் மண் மேல்தான். சுண்ணாம்பு அதிகமுள்ள கரையோர மணலில் இரும்புச் சத்து செடிக்குக் கிடைக்காது. இளம் இலை வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உப்பு என்றால் அடி இலையின் ஓரம் தீய்ந்து வரும். நச்சுயிரி அப்படி வராது. இங்கே ஒரு செடி, நாலு அடி தள்ளி ஒரு செடி என்று சிதறித்தான் தொடங்கும். இலையில் பச்சையும் வெளிர்பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்து, இலை சுருங்கிக் கோணலாக இருக்கும். நாலு செடிக்கு மட்டும் லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளித்துப் பாருங்கள். சில நாளில் பச்சை திரும்பினால் இரும்புக் குறைதான்.

திருப்புல்லாணி: உளுந்தில் வரும் மஞ்சள் தேமலும் விதையால் வருவதா?

அதற்கு முதல் காரணம் வெள்ளை ஈ. உளுந்து விதையிலும் அந்த நச்சுயிரி இருப்பதாக ஆய்வுகள் வந்திருக்கின்றன, ஆனால் கொல்லை முழுக்கப் பரப்புவது வெள்ளை ஈதான். அதற்கு வம்பன் 8 மாதிரி எதிர்ப்புள்ள ரகம் போடுங்கள், வரப்பில் நிற்கும் துத்தியைப் பிடுங்குங்கள். இலை பெரிதாகி, நெளிநெளியாகச் சொரசொரப்பாக வருகிறதே, அந்த இலை நெளிவு நோய்தான் உளுந்தில் விதையோடு வருவது. அந்தச் செடியில் ஒரு நெற்றைக்கூட விதைக்கு எடுக்காதீர்கள்.

தொண்டி: அசுவினிக்கு மருந்தடித்தால் தட்டாம்பயறுத் தேமல் நிற்குமா?

நிற்காது. நோய்ச்செடியில் அசுவினி என்கிற சாறு உறிஞ்சும் சிறுபூச்சி சில நொடி குத்தினால் போதும், அடுத்த செடியில் குத்தியதும் ஏற்றிவிடும். மருந்து பட்டு அது சாவதற்குள் வேலை முடிந்துவிடும். அந்தக் காசுக்கு ஓரத்தில் இரண்டு வரிசை கம்போ சோளமோ போடுங்கள். பறந்து வரும் அசுவினி முதலில் அதில் வாய் வைத்து, கொண்டுவந்ததை அங்கேயே தொலைக்கும். விதைத்த மூன்று வாரத்துக்குள் தேமல் செடியைக் கண்டதும் பிடுங்குங்கள். விதையோடு வந்த நோய் அப்போதே முகம் காட்டிவிடும்.

கீழக்கரை: மகன் வெளிநாட்டிலிருந்து வரும்போது பீன்ஸ் விதை கொண்டு வரலாமா?

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2003-ஆம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அனுமதி இல்லாமல் விதை கொண்டு வரக்கூடாது. ஒரு கைப்பிடி விதையில் ஊரில் இல்லாத நச்சுயிரி ஒன்று இறங்கிவிடலாம். அதுவும் பீன்ஸுக்குக் குளிர் வேண்டும், நம் வெக்கையில் பூ உதிர்ந்துவிடும்.

மண்டபம்: தேமல் செடியின் காயைச் சாப்பிடலாமா?

தாராளமாக. செடியின் நச்சுயிரி மனிதருக்கு வராது, ஆட்டுக்கும் வராது.

சாயல்குடி: சரி, கையிருப்பு விதை சுத்தமா இல்லையா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

இதை நான் பட்டுத்தான் கற்றேன். சில வருஷத்துக்கு முன் நல்ல கறுப்புத் தட்டாம்பயறு ஒன்று கிடைத்தது. பெருமையாக மூன்று வீட்டுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தேன். மூன்று கொல்லையிலும் தேமல். அந்த வீட்டு அக்கா ஒருவர் சுருண்ட இலையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதிலிருந்து யாருக்கு விதை கொடுத்தாலும் முளைக்கவைத்துப் பார்த்துத்தான் கொடுக்கிறேன்.

மணலும் மக்கிய எருவும் கலந்த தட்டில் 100 விதை ஊன்றி, அசுவினி புகாதபடி பழைய வேட்டித் துணியால் கூடாரம் போட்டு மூடுங்கள். முதலில் வரும் இரண்டு இலையும் ஒற்றை ஒற்றையாக இருக்கும். அதற்கடுத்து வரும் மூவிலையைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். காலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் நரம்பை ஒட்டிக் கரும்பச்சையும் நடுவில் வெளிர்பச்சையும் தெரியும். மூன்று வாரம் பாருங்கள். நூற்றில் இரண்டு செடி அப்படி வந்தாலும் அந்த விதை வேண்டாம். கொல்லையில் ஐம்பது செடிக்கு ஒன்று நின்றால் அசுவினிக்கு அதுவே போதும்.

அப்புறம் அடுத்த வருஷ விதைக்கு இந்த வருஷமே செடியைப் பிடியுங்கள். பூ எடுக்கும்போது இலை மாசில்லாமல் நிற்கிற செடிகளுக்கு மட்டும் சிவப்புக் கயிறு கட்டுங்கள். நெற்று காயும்வரை அவற்றை வாரம் ஒருமுறை பாருங்கள், தேமல் தட்டினால் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். கயிறு இல்லாத செடியின் பயறெல்லாம் குழம்புக்கு.