டிசம்பரில் செனா வெந்நீரூற்றுக்கு வழிகாட்டியோடு போவதா, நாமே வண்டி ஓட்டிப் போவதா?

கேள்வி: டிசம்பர் கடைசி வாரத்தில் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகருக்குக் குடும்பத்தோடு செல்கிறோம். அம்மாவுக்கு வயது 68, மகனுக்கு 12. செனா வெந்நீரூற்றுக்கு வழிகாட்டியுடன் ஒரு நாள் பயணம் அழைத்துச் செல்பவர்கள் கேட்கும் தொகை அதிகமாகத் தெரிகிறது. அந்தத் தொகை தகுமா, அல்லது நாங்களே வாடகைக் கார் எடுத்துக்கொண்டு போய்விடலாமா?

பதில்:

நீங்கள் செல்வது டிசம்பரில் என்பதால் வழிகாட்டியோடு போங்கள் என்றே சொல்வேன். இதே கேள்வியை ஜூன் மாதப் பயணத்துக்காகக் கேட்டிருந்தால், தயங்காமல் காரை எடுக்கச் சொல்லியிருப்பேன். மேற்படிப்புக்காக ஃபேர்பேங்க்ஸில் வசித்த காலத்தில், பார்க்க வந்த உறவினர்களோடும் நண்பர்களோடும் இரண்டு விதமாகவும் அங்கே போயிருக்கிறேன். வெந்நீரில் இறங்கி உட்கார எந்த வழிகாட்டியும் தேவையில்லை. நுழைவுச் சீட்டு வாங்கி, உடை மாற்றிக்கொண்டு இறங்கினால் ஆயிற்று. அந்தச் சாலையையும் அதன் இருட்டையும் அறிந்த ஒருவர், நீங்கள் குளித்து முடித்துக் கைகால் தளர்ந்து கண் செருகும் நேரத்தில் உங்களுக்காக வண்டி ஓட்டுகிறாரே, அதற்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள்.

ஊற்று ஃபேர்பேங்க்ஸுக்கு வடகிழக்கே ஏறக்குறைய 95 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. வழி முழுவதும் தார்ச்சாலை; ஊற்றைச் சுற்றி அமைந்துள்ள விடுதியோடு அந்தச் சாலை முடிந்துவிடுகிறது. கோடையில் ஒன்றேகால் மணி நேரத்தில் அலட்டிக்கொள்ளாமல் போய்விடலாம். டிசம்பரில் அதே சாலையின்மேல் பனி இறுகிக் கண்ணாடிபோல் கிடக்கும். மாதத்தின் 21ஆம் நாளை ஒட்டி, சூரியன் காலை 11 மணியளவில் எழுந்து பிற்பகல் 2:40க்கெல்லாம் மறைந்துவிடுகிறது. பகல் என்பது 3 மணி 42 நிமிடம்தான். ஆகவே போகும்போது இல்லாவிட்டாலும் திரும்பும்போது இருட்டில்தான் ஓட்டியாக வேண்டும். வழியின் பெரும்பகுதியில் கைபேசிக்கு அலை கிடைப்பதில்லை. இவற்றோடு மூஸ் எனப்படும் பெரிய மான்கள் வேறு. ஐநூறு கிலோவைத் தாண்டும் ஆண் மூஸ் ஒன்று நெடிய கால்களின்மேல் நிற்பதால், வண்டி மோதினால் கால்கள் மடிந்து உடல் முழுவதும் முன்கண்ணாடியின்மேல் வந்து விழும். நிறமும் கரும்பழுப்பு என்பதால், விளக்கொளியில் கண்ணுக்குத் தெரிவதற்குள் மிக அருகில் வந்துவிட்டிருக்கும். பனிச்சாலையில் ஓட்டிப் பழகாதவர் முதன்முதலாகப் பழகுவதற்கு ஏற்ற சாலை இதுவன்று.

எல்லாப் பயணங்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதை மட்டும் கவனியுங்கள். காலையில் கிளம்பி மாலையில் ஊர் திரும்பும் பயணங்கள் உண்டு. நண்பகலுக்குப் பின் கிளம்பி நள்ளிரவில் திரும்புபவையும் உண்டு. விளம்பரத்தில் மொத்த மணி நேரத்தைத்தான் பெரிதாகப் போட்டிருப்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, ஊற்று இருக்கும் இடத்தில் முழுதாக எத்தனை மணி நேரம் விடுவார்கள் என்பதை. விடுதி விடுதியாக நின்று ஆட்களை ஏற்றுவதற்கும், அலாஸ்காவைக் குறுக்கே கடக்கும் எண்ணெய்க் குழாயை வழியில் நிறுத்திக் காட்டுவதற்கும் கணிசமான நேரம் கரைந்துவிடும். அந்தக் குழாய் 1977இல் இயங்கத் தொடங்கியது, 1,287 கிலோமீட்டர் நீளமுடையது என்பதெல்லாம் சுவையான செய்திதான். ஆனால் அதைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். என் கணக்கில், உங்கள் குடும்பத்துக்கு ஊற்றில் குறைந்தது நான்கு மணி நேரம் தேவை.

அதற்குக் காரணம் உங்கள் மகனின் வயது. படங்களில் நீங்கள் பார்த்திருக்கும் அந்தத் திறந்தவெளிக் குளத்தில், அதாவது பெரும்பாறைகள் சூழ, ஆவி பறக்கும் குளத்தில், 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே அனுமதி. சிறுவர்களுக்குக் கட்டடத்துக்குள் தனியாக நீச்சல் குளம் இருக்கிறது. அது சூடானதுதான் என்றாலும் அந்த அனுபவம் வேறு. இந்த விதியைச் சில விளம்பரங்கள் கடைசி வரியில்தான் சொல்கின்றன. குழந்தைகளோடு வந்தவர்கள் நுழைவுச் சீட்டு வாங்கும் இடத்தில் நின்று முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். பெரியவர்களில் ஒருவர் மகனோடு உள்ளே இருக்க, மற்றவர்கள் வெளியே செல்வது என்று முறை வைத்துக்கொள்ளும்போது, ஊற்றில் இரண்டு மணி நேரமே விடும் பயணத்தில் எல்லோருக்கும் அரைகுறையாகத்தான் கிடைக்கும். மகனிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

இயற்கை ஊற்று என்றவுடன், காட்டுக்குள் தானாகத் தேங்கி நிற்கும் சுனையை எண்ணிக்கொண்டு போகாதீர்கள். நீர் மட்டும்தான் இயற்கை. குளம் மனிதர் அமைத்தது. ஊற்று வெளிப்படும் இடத்தில் வெப்பம் ஏறக்குறைய 74 டிகிரி செல்சியஸ். அதில் கையை வைத்தால் தோல் வெந்துவிடும் என்பதால், நீரை ஆறவைத்து 41 டிகிரி அளவில் குளத்துக்கு விடுகிறார்கள். அருகில் எரிமலை எதுவும் இல்லாதபோது இவ்வளவு வெப்பம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எனக்கு நெடுநாள் இருந்தது. மழைநீரும் உருகிய பனிநீரும் கருங்கல் பாறையின் வெடிப்புகள் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உள்வெப்பத்தால் சூடேறி, வேறு வெடிப்புகள் வழியே விரைந்து மேலே வந்துவிடுகின்றன. கருங்கல்லில் அடங்கியுள்ள கதிரியக்கத் தனிமங்கள் சிதையும்போது வெளிப்படும் வெப்பத்துக்கும் இதில் பங்கு உண்டு என்று புவியியலாளர்கள் கருதுகிறார்கள். அலாஸ்காவின் நடுப்பகுதியில் இத்தகைய ஊற்றுகள் ஒரு பட்டையாகவே பரவியிருக்கின்றன. அவற்றுள் நல்ல சாலையும் தங்குமிடமும் ஒருங்கே வாய்த்திருப்பதால் செனாவுக்கு இத்தனை கூட்டம்.

1905இல் ராபர்ட் ஸ்வான், தாமஸ் ஸ்வான் என்ற தங்கம் தேடிய சகோதரர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். ராபர்ட்டுக்கு மூட்டுவாதம் இருந்தது. வலிக்கு மருந்தாகும் என்று கேள்விப்பட்ட வெந்நீரைத் தேடி ஃபேர்பேங்க்ஸிலிருந்து இவ்விடத்தை அடைய அவர்களுக்கு ஒரு மாதத்துக்கும் மேல் ஆயிற்றாம். இப்போதைய ஒன்றரை மணி நேர வேன் பயணத்தில் வழிகாட்டிகள் இந்தக் கதையைத் தவறாமல் சொல்வார்கள்.

அவர்கள் அவ்வளவு விரிவாகச் சொல்லாத ஒன்று இங்குள்ள மின்நிலையம். எனக்கு அதுவே இந்த இடத்தின் உண்மையான அதிசயம். 2006 வரை விடுதி டீசல் ஜெனரேட்டர்களை நம்பியிருந்தது. புவிவெப்ப மின்நிலையங்கள் வழக்கமாகக் கொதிநிலையைத் தாண்டிய நீரையோ நீராவியையோ பயன்படுத்தும். இங்கே இருப்பதோ 74 டிகிரி நீர். ஆகவே, கார்களின் ஏசியில் பயன்பட்டுவந்த ஆர்-134ஏ என்ற குளிர்பொருளை அந்த நீரால் ஆவியாக்கி, அந்த ஆவியைக் கொண்டு டர்பைனைச் சுழற்றுகிறார்கள். சுழற்றிய ஆவியை மீண்டும் திரவமாக்கக் குளிர்ச்சி வேண்டும். அந்தக் குளிர்ச்சிக்கு அலாஸ்காவில் பஞ்சமில்லை. இவ்வளவு குறைந்த வெப்பத்தில் வணிக அளவில் மின்சாரம் எடுத்தது உலகிலேயே இங்குதான் முதன்முறை. இதே வெந்நீரின் வெப்பத்தைக் கொண்டே, அங்குள்ள பனிக்கட்டி அருங்காட்சியகத்தைக் கோடையிலும் உருகாமல் காக்கும் குளிரூட்டும் இயந்திரம் இயங்குகிறது. அதற்குள் ஆண்டு முழுவதும் −4 டிகிரி அளவில் வைத்திருக்கிறார்கள். டிசம்பரில் வெளியே −30 இருக்கும்போது, அந்தப் பனிக்கட்டி மண்டபத்துக்குள் நுழைந்ததும் கதகதப்பாக உணர்வீர்கள். அதற்குக் கட்டணம் தனி, குறித்த நேரங்களில்தான் உள்ளே விடுவார்கள்; மகனுக்கு மிகவும் பிடிக்கும்.

குளிக்கும் முறைக்கு வருகிறேன். முதலில் உள்ளே ஷவரில் குளித்துவிட்டுத்தான் குளத்துக்குப் போக வேண்டும். ரப்பர் செருப்பு அணிந்து, கைப்பிடியைப் பற்றி மெல்ல நடங்கள். ஓட வேண்டும் என்றுதான் தோன்றும், ஆனால் சிந்திய நீர் உறைந்து கிடக்கும் தரையில் ஓடினால் விழுவது உறுதி. நீரில் இறங்கிய பிறகு தலையும் முகமும் மட்டுமே குளிரில் இருக்கும். கம்பளிக் குல்லாயோடு நீரில் அமர்ந்திருப்பவர்கள் பலர். அம்மாவுக்கும் அதையே பரிந்துரைப்பேன். குல்லாய் இல்லாதவர்களின் முடியிலும் இமையிலும் புருவத்திலும் நீராவி படிந்து, சில நிமிடங்களில் வெண்மையாக உறைந்துவிடும். அந்தக் கோலத்தில் படம் எடுத்துக்கொள்ளத்தான் பாதிப்பேர் வருகிறார்கள். உறைந்த முடியை வளைக்காதீர்கள், அது முறியக்கூடும். தலையை ஒரு முறை நீருக்குள் அமிழ்த்தினால் பனி கரைந்துவிடும். வெள்ளி நகைகளை அறையிலேயே கழற்றிவிடுங்கள். நீரில் கந்தகம் கலந்திருப்பதால் கறுத்துப் போகும். அழுகிய முட்டை நாற்றம் முதலில் மூக்கைத் துளைக்கும், சிறிது நேரத்தில் பழகிவிடும். குளிர்ந்த காற்றில் ஆவி அடர்ந்து எழுவதால் குளத்தின் மறுகரை தெரியாது. எந்தப் பாறையருகே சேர்வது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை மார்பளவுக்கு வெளியே வந்து ஆறுவது அவசியம். குளிர் முகத்தில் அடித்துக்கொண்டிருப்பதால் உடல் எவ்வளவு சூடேறியிருக்கிறது என்பது தெரியாமல் இருந்துவிட்டு, எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறவர்கள் உண்டு. இறங்கும் முன்னும் ஏறிய பின்னும் தண்ணீர் குடியுங்கள், மது வேண்டாம். அம்மாவுக்கு இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் அவரை நீரில் இறங்கவிட வேண்டாம். வேனில் ஏறும் முன் முடியை முழுவதுமாக உலர்த்திக்கொள்ளுங்கள். இதற்கென்று அரை மணி நேரம் ஒதுக்காமல் கடைசி நிமிடம் வரை நீரில் இருப்பவர்கள் திரும்பும் வழியெல்லாம் நடுங்குவார்கள்.

துருவ ஒளியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பயணம் விற்பவர்கள் அதைச் சேர்த்தே விற்பார்கள். துருவ ஒளி அடிக்கடி தோன்றும் வளையத்தின்கீழ் ஃபேர்பேங்க்ஸ் அமைந்திருப்பது உண்மை. எனினும் வானம் தெளிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் இரவு 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் விழித்திருக்கவும் வேண்டும். மாலையிலேயே திரும்பும் பயணத்தில் அதை எதிர்பார்ப்பது வீண். நீரில் மிதந்தபடியே பச்சை ஒளியைப் பார்க்கும் படங்களை நம்பிப் போகிறவர்களுக்கு, அந்த ஆவியே பல நேரம் திரையாகிவிடுகிறது. 12 வயதுச் சிறுவனும் 68 வயது அம்மாவும் உடன் வரும்போது, நள்ளிரவில் திரும்பும் பயணத்தைவிட, பகலில் கிளம்பி இரவு எட்டு மணிக்குள் திரும்பும் பயணத்தையே நான் தேர்ந்தெடுப்பேன்; துருவ ஒளிக்கு வேறொரு இரவை ஒதுக்கலாம். பணம் ஒரு பொருட்டில்லை என்றால் அங்கேயே ஓரிரவு தங்குவது இன்னும் நல்லது. பகல் கூட்டம் வெளியேறிய பிறகு குளத்தின் அமைதியே வேறு.

பதிவு செய்யும்போது குள நுழைவும் பனிக்கட்டி அருங்காட்சியகமும் தொகைக்குள் அடங்குமா, கடுங்குளிர் உடைகளும் காலணிகளும் கொடுப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உணவு பெரும்பாலும் உங்கள் செலவில்தான். ஓட்டுநருக்கு 15 முதல் 20 விழுக்காடு அன்பளிப்பு தருவது அங்கே வழக்கம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படிச் சேர்த்த பிறகும், நால்வர் குடும்பத்துக்கு வாடகைக் கார்தான் மலிவு என்பதை மறுக்கமாட்டேன்.

அப்படியே காரில்தான் போவது என்று முடிவு செய்தால், பனிச்சாலையில் முன்பே ஓட்டிய ஒருவர் உங்களில் இருக்க வேண்டும். வாடகை நிறுவனம் குளிர்கால டயர்களும், மின்சாரத்தில் செருகி எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் கருவியும் பொருத்திய வண்டியைத் தர வேண்டும். எரிபொருளை ஊரிலேயே நிரப்பி, ஆளுக்கொரு போர்வையும் கைவிளக்கும் உணவும் வண்டியில் வைத்துக்கொள்ள வேண்டும். எப்போது திரும்புவீர்கள் என்பதை விடுதியில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் வேனில் இடம் பதிவு செய்துவிடுங்கள். டிசம்பர் கடைசி வாரம் விடுமுறைக் காலம் என்பதால் இருக்கைகள் விரைவில் தீர்ந்துவிடும்.