குட்டி யானையில் ஆடு ஏற்ற என்ன மாற்றம் செய்யலாம்?

கேள்வி: காய்கறிக்கு வாங்கிய குட்டி யானையில் எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்கு ஆடு கொண்டுபோகிறேன். தட்டின் உள் அளவு 7 அடிக்கு 4¾ அடி. போன முறை 16 உருப்படி ஏற்றினேன். பிரேக் போட்டதும் சரிந்து, ஒரு கிடாய்க்கு முன்னங்கால் முறிந்துவிட்டது. அதிகச் செலவில்லாமல் வீட்டிலேயே என்ன செய்யலாம்?

பதில்: பிரேக்கை விடத் தரைதான் காரணம். தகரத்தில் மூத்திரமும் புழுக்கையும் விழுந்துவிட்டால் குளம்புக்குப் பிடிமானமே இருக்காது, ஒன்று விழுந்தால் மற்றவை மேலே ஏறி மிதிக்கும், அது எழுந்திருக்கவும் இடமிருக்காது. ஆகவே கம்பி, கூரை எல்லாம் அப்புறம். மாட்டுத் தொழுவத்துக்கு விற்கிற தடித்த ரப்பர் பாயைத் தட்டு அளவுக்கு ஒரே துண்டாக வெட்டிப் போட்டு, நான்கு விரல் கனத்துக்கு வைக்கோல் பரப்புங்கள். வெறும் சாக்கு வேண்டாம், காலோடு சுருண்டுகொள்ளும்.

அடுத்தது நடுத்தடுப்பு. கனமான பிளைவுட் பலகையைக் குறுக்கே நிறுத்தி, இரண்டு பக்கமும் ஆங்கிளில் போல்ட் போடுங்கள். பிரேக் போடும்போது மொத்தக் கூட்டமும் கேபின் பக்கம் போய்க் குவியாது, கிடாயையும் பெட்டையையும் பிரிக்கவும் ஆகும்.

பக்கத்துக்கு 1 அங்குலச் சதுரக் குழாயில் தட்டின் தரையிலிருந்து 4 அடி உயரச் சட்டம் போதும், பாடியில் வெல்டிங் வைக்காமல் யூ-போல்ட்டால் இறுக்குங்கள். கீழே ஒன்றரை அடிக்கு இடைவெளியே இருக்கக் கூடாது, கால் வெளியே போனால் முறிந்துவிடும். அதற்கு மேலே இடைவெளி தலை நுழையாத அளவுக்கு இருக்கட்டும். வெயிலுக்கு மேலே மட்டும் பச்சை வலை கட்டுங்கள், பக்கங்களைத் தார்ப்பாயால் மூடினால் உள்ளே வெந்துபோகும். ஏற்றி இறக்க, குறுக்குச் சட்டம் அடித்த ஏழெட்டு அடிப் பலகை ஒன்று வேண்டும். காதையும் காலையும் பிடித்துத் தூக்கிப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம். 2016 முதல் நடைமுறையில் இருக்கும் மோட்டார் வாகன விதி ஒரு ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டர் கேட்கிறது, உங்கள் தட்டில் அது 10 உருப்படி. 16 ஏற்றினால் என்ன மாற்றம் செய்தும் பலனில்லை. ஆடுமாடு ஏற்றும் வண்டிக்கு நிரந்தரத் தடுப்பும் தனி உரிமமும் வேண்டும் என்றும் அதே விதி சொல்வதால், பட்டறைக்குப் போகும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். நிறைசினை ஆட்டை ஏற்றவே வேண்டாம்.

திரும்பி வந்ததும் வைக்கோலை உரக்குழியில் தள்ளிவிட்டு, பாயைத் தூக்கித் தட்டை நன்றாகக் கழுவி, லிட்டருக்கு 40 கிராம் சலவைச் சோடா கரைத்த தண்ணீரை ஊற்றுங்கள். ஆட்டுக்கொல்லி நோய் பல பட்டிகளுக்குச் சந்தை வழியாகத்தான் வந்து சேர்கிறது. விற்காமல் திரும்பிய ஆட்டையும் மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள், நேராகப் பட்டியில் விடாதீர்கள்.