யாருக்கும் தெரியாத 1950களின் உளவியல் படங்களைச் சிலர் தேடித் தேடிச் சேர்க்கிறார்களே, அப்படி என்ன இருக்கிறது அவற்றில்?

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதால் சொல்கிறேன். அந்தக் காலத்துப் பெரிய ஸ்டுடியோ படங்களில் யாருக்காவது மனம் பிசகினால், பெரும்பாலும் கடைசி ரீலுக்குள் ஒரு டாக்டர் வந்து காரணத்தைச் சொல்லிவிடுவார். நாமும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ஸ்டுடியோவுக்கு வெளியே, சின்னக் காசில் எடுத்த படங்களில் அந்த டாக்டர் வருவதில்லை. எனக்குப் பிடித்ததே அதுதான்.

உதாரணத்துக்கு ‘டிமென்ஷியா’. 1955இல் வெளியான அமெரிக்கப் படம், ஒரு மணி நேரம்கூட ஓடாது. மட்டமான ஓட்டல் அறையில் கண் விழிக்கும் ஒரு பெண் கத்தியோடு தெருவில் இறங்குகிறாள். ஒரு வரி வசனம் கிடையாது. ஜார்ஜ் ஆன்டைலின் இசை, கூடவே வார்த்தையே இல்லாமல் பாடும் மார்னி நிக்சனின் குரல், அவ்வளவுதான். நாயகி ஏட்ரியன் பாரட், இயக்குநர் ஜான் பார்க்கரின் செயலாளர். ஏட்ரியன் கண்ட கெட்ட கனவிலிருந்துதான் படமே பிறந்தது. ஒரு காட்சியில் முகமில்லாத ஓர் உருவம் அவளை இடுகாட்டுக்குக் கூட்டிப்போகிறது. கல்லறைகளுக்கு நடுவே அவள் வீட்டு சோபா! அப்பாவும் அம்மாவும் அங்கேயே குடித்தனம் நடத்துகிறார்கள், அடுத்து கொலை. இதெல்லாம் ஏன் என்று யாரும் விளக்குவதில்லை.

நியூயார்க் தணிக்கைக் குழு முதலில் இதற்கு அனுமதி தரவில்லை. ஒருவழியாக வெளிவந்த பிறகு, 1957இல் வேறொரு விநியோகஸ்தர் ‘டாட்டர் ஆஃப் ஹாரர்’ என்று பெயரை மாற்றினார். அதோடு விட்டாரா? பின்னாளில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பிரபலமான எட் மக்மேனைப் பேசவைத்து ஒரு பின்னணிக் குரலையும் ஒட்டிவிட்டார். வராத டாக்டர் குரலாக வந்துவிட்டார்! 1958இல் வந்த ‘தி பிளாப்’ என்ற திகில் படத்துக்குள் ஒரு தியேட்டர் காட்சி வரும், அங்கே திரையில் ஓடுவதும் இதே படம்தான்.

ஆக, சேகரிப்பவருக்கு ஒரு பெயர் போதாது, எந்த வடிவம் என்பதும் முக்கியம். 16 எம்எம் பிரிண்ட், அதாவது அந்த அகலத்தில் வரும் ஃபிலிம் சுருளையே தேடிச் சேர்ப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே. சுருளின் ஓரத்தில் ஃபிலிம் தயாரித்த கோடாக் நிறுவனம் போட்ட வட்டம், சதுரம், முக்கோணக் குறிகளைப் பார்த்து ஃபிலிம் தயாரான ஆண்டைச் சொல்வார்கள். அந்தக் குறிகள் 20 வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதால் அதிலும் சண்டை நடக்கும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் ஃபிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், என்ன விலை சொன்னாலும் வாங்காதீர்கள்.

‘டிமென்ஷியா’வைப் பார்க்க இவ்வளவு பாடுபட வேண்டாம். இரண்டு வடிவமும் டிஸ்க்கில் வந்துவிட்டன. முதலில் குரல் இல்லாததைப் பாருங்கள்.